கோமாரி வைரஸின் தடம் பிடிப்பது: கொப்புளத் தோலிலிருந்து மரபு மரம் வரை

கோமாரி வந்த ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது எங்கிருந்து வந்தது? சந்தையில் பிடித்துவந்த மாடா, பால்வண்டியா, சினை ஊசி போட வந்தவரா? வைரஸின் மரபணு வரிசையைப் படித்து இதற்குப் பதில் தேடும் வேலை கால்நடை உதவி மருத்துவரிடம் தொடங்கி, முதுநிலை மாணவரின் கணினியில் முடிகிறது. இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஆய்வகத்துக் கருவியை ஓட்டுவதில் புதியவர்கள் பெரிதாகத் தடுமாறுவதில்லை. தொழுவத்தில் மாதிரி எடுக்கும்போதும், கடைசியில் மரபு மரத்தை (எந்த வைரஸ் எதற்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்று காட்டும் கிளைப் படம்) வாசிக்கும்போதும்தான் சறுக்குகிறார்கள். அதனால் அந்த இரண்டையும் விரிவாகவும், நடுவில் இருப்பதைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

1. முதலில் கேள்வியை எழுதுங்கள்

மாதிரிக் குப்பியைத் தொடும் முன் உங்கள் கேள்வியை ஒரே வரியில் தாளில் எழுதுங்கள். "இந்த வைரஸ் எந்த வழியைச் சேர்ந்தது, வெளியிலிருந்து புதிதாக வந்ததா?" என்பது ஒரு கேள்வி (வழி என்றால் இங்கே ஒரே மூதாதையிடமிருந்து வந்த வைரஸ் வம்சம்). "இந்தப் பண்ணைக்கு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது?" என்பது முற்றிலும் வேறு கேள்வி. முன்னதற்குத் தேவையான மாதிரியும் செலவும் வேறு, பின்னதற்குத் தேவையானவை வேறு.

காரணம் எளிய கணக்கு. கோமாரி வைரஸின் மரபணுத் தொகுதி சுமார் 8,300 எழுத்துகள் நீளமுள்ள ஆர்.என்.ஏ. அதில் வெளியுறைப் புரதம் ஒன்றைச் செய்யும் விபி1 பகுதி சுமார் 630 எழுத்துகள். இந்தப் பகுதி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் மாறுகிறது, அதாவது ஆண்டுக்கு ஆறு எழுத்து, இரண்டு மாதத்துக்கு ஒன்று. இரண்டு வார இடைவெளியில் நோய் கண்ட இரண்டு பண்ணைகளின் விபி1 அச்சாக ஒன்றுபோலவே இருக்க வாய்ப்பு அதிகம். அதை வைத்துக்கொண்டு யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்லவே முடியாது.

முழுத் தொகுதியைப் படித்தால் வாரத்துக்கு ஒன்றிரண்டு மாற்றம் கண்ணில் படும். பண்ணை அளவிலான கேள்விக்கு அதுதான் வேண்டும். எந்த வழி, எந்த வட்டாரம் என்ற கேள்விக்கு விபி1 தாராளமாகப் போதும்.

இலங்கையின் அனுபவம் நல்ல உதாரணம். அங்கே பல ஆண்டுகளாக ஓ வகையில் (கோமாரி வைரஸின் வகைகளில் ஒன்று; ஏ, ஏசியா 1 போன்றவை மற்ற வகைகள்) ஸ்ரீலங்கா-97 என்ற உள்ளூர் வழி சுற்றிக்கொண்டிருந்தது. 2014-இல் பரவிய வைரஸின் விபி1-ஐப் பார்த்தபோது அது இந்தியத் துணைக்கண்டத்தில் பெருகிய இண்ட்2001 வழியின் டி உட்பிரிவாக இருந்தது. பழைய உள்ளூர் வைரஸ் மறுபடி தலைதூக்கவில்லை, புதிதாக ஒன்று நுழைந்திருக்கிறது என்று சொல்ல அந்த 630 எழுத்தே போதுமானதாக இருந்தது.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

கோமாரி 2009-ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்ச் சட்டத்தின் பட்டியலில் உள்ள நோய். ஆகவே சந்தேகம் வந்ததுமே முறைப்படி தகவல் கொடுங்கள், மாதிரி எடுப்பது அதற்கு அடுத்த வேலை. உயிருள்ள வைரஸை வளர்ப்பது உயர் பாதுகாப்பு ஆய்வகங்களின் வேலை. இந்தியாவில் புவனேஸ்வரத்திலுள்ள தேசிய கோமாரி நோய் நிறுவனம் இதற்குத் தலைமை மையம், மாநிலங்களில் அதனோடு இணைந்த மையங்கள் உண்டு. உங்கள் மாதிரி எந்த மையத்துக்குப் போக வேண்டும், யார் வாங்கிக்கொள்வார்கள் என்பதை முந்தைய நாளே பேசிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பிய ஐஸ் பெட்டி திங்கள் காலை வரை காவலாளி அறையில் கிடப்பது நம் ஊரில் புதிதல்ல.

எடுத்துச் செல்ல வேண்டியவை: திருகு மூடிக் குப்பிகள், கிளிசரினும் பாஸ்பேட் கரைசலும் சரிபாதி கலந்த காப்புத் திரவம், இடுக்கி, கத்தரிக்கோல், கையுறை, ரப்பர் பூட்ஸ், ஐஸ் பெட்டி, அழியாத பேனா, விவரத் தாள். காப்புத் திரவத்தின் பிஎச் 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். கோமாரி வைரஸ் புளிப்பைத் தாங்காது, பிஎச் 6-க்குக் கீழே போனால் சிதைந்துவிடும். போன வருஷம் கலக்கி வைத்த திரவத்தை அப்படியே எடுத்துப் போகாதீர்கள், பிஎச் தாளை ஒருமுறை நனைத்துப் பாருங்கள்.

நாலு சதவீதச் சலவை சோடாக் கரைசலும் ஒரு வாளி வேண்டும். அது மாதிரிக்கு அல்ல, உங்களுக்கு. ஒரு தொழுவத்தை விட்டு வெளியே வரும்போது பூட்ஸையும் கருவிகளையும் அதில் கழுவுங்கள். அடுத்த ஊருக்கு நோயைக் கொண்டுபோகிறவர் நீங்களாக இருந்தால், நீங்கள் தேடும் தடத்தில் உங்கள் தடமும் சேர்ந்துவிடும்.

3. எந்த மாடு, எந்தப் புண்

வாயில் நுரைதள்ளிப் படுத்துக் கிடக்கும் மாட்டைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். உங்களுக்குத் தேவை பெரும்பாலும் அதுவல்ல. நேற்று இன்று காய்ச்சல் கண்ட, கொப்புளம் இன்னும் உடையாத, அல்லது அப்போதுதான் உடைந்த மாட்டைக் கேளுங்கள். கொப்புளத் தோலிலும் அதன் நீரிலும்தான் வைரஸ் மிக அதிகம். புண் ஆறத் தொடங்கி மஞ்சளாகப் படிந்துவிட்டால் அளவு மளமளவென்று குறையும்.

நாக்கின் மேல்தோலிலிருந்தோ, குளம்பிடுக்கிலிருந்தோ, மடிக்காம்பிலிருந்தோ தொங்கும் தோலை ஒரு கிராம் அளவுக்கு எடுங்கள். கட்டைவிரல் நகம் அளவு துண்டுகள் இரண்டு மூன்று இருந்தால் சரி. குளம்பில் சாணம் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள்.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்க மறக்கக் கூடாது: "வாய்க்கு என்ன போட்டீங்க?" படிகாரத் தண்ணீர் விட்டிருப்பார்கள், பெர்மாங்கனேட் கரைசலில் கழுவியிருப்பார்கள், வேறு எதையாவது தடவியிருப்பார்கள். புளிப்பான எதுவும் பட்டிருந்தால் அந்த நாக்கை விட்டுவிட்டு, குளம்பிடுக்கிலோ வேறு மாட்டிலோ எடுங்கள். தோல் பார்க்க நன்றாக இருந்தும் ஆய்வகத்தில் ஒன்றும் வராமல் போவதற்கு இது அடிக்கடி காரணமாக இருக்கிறது.

ஃபார்மலினில் போடாதீர்கள். பழக்கதோஷத்தில் போட்டுவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திசு ஆய்வுக்கு அது நல்லது, ஆனால் ஆர்.என்.ஏ-வைத் துண்டுதுண்டாக்கி நீளமான வரிசை எடுக்க விடாமல் செய்துவிடும்.

ஒரு பண்ணைக்கு ஒரு மாட்டோடு நிறுத்தாமல், முடிந்தால் இரண்டு மூன்று மாடுகளில் எடுங்கள். பண்ணைக்குள்ளேயே வைரஸ் எவ்வளவு வேறுபடுகிறது என்று தெரியாமல், பண்ணைகளுக்கு இடையிலான வேறுபாட்டுக்கு அர்த்தம் சொல்ல முடியாது. புண் எல்லாம் ஆறிவிட்ட பண்ணை என்றால் தொண்டைச் சுரண்டல் திரவம் எடுக்கலாம், நோய் ஆறிய மாடுகள் சில அங்கே வைரஸை மாதக்கணக்கில் வைத்திருக்கும். ஆனால் அந்த வைரஸ் மாட்டுக்குள்ளேயே தனியாக மாறிக்கொண்டிருந்திருக்கும். அதை நோய் கண்ட நாளின் வைரஸாக எண்ணிக் கணக்குப் போடக் கூடாது.

களத்தில் பயன்படுத்திய விரைவுச் சோதனைப் பட்டையைத் தூக்கி எறியாதீர்கள். உலர்ந்த பட்டையிலிருந்தும் ஆர்.என்.ஏ-வைப் பிரிக்க முடியும். ஐஸ் கிடைக்காத ஊரில் சில நேரம் அது மட்டும்தான் மிஞ்சும்.

4. விவரத் தாள்: இதை அலட்சியப்படுத்தினால் மற்றதெல்லாம் வீண்

ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு தாள். ஊர், வட்டம், மாவட்டம், இருப்பிடக் குறி, மாடா எருமையா ஆடா பன்றியா, வயது, கடைசித் தடுப்பூசி எப்போது, மாதிரி எடுத்த தேதி. தேதி என்றால் தொழுவத்தில் எடுத்த தேதி. ஆய்வகப் பதிவேட்டில் ஏறிய தேதியை எழுதுவது புதியவர்களிடம் தொடர்ந்து பார்க்கும் தவறு. காலக் கணக்கு முழுக்க இந்த ஒரு எண்ணின் மேல்தான் நிற்கிறது.

அடுத்து, பண்ணையிலேயே மிகப் பழைய புண்ணின் வயதைப் பதியுங்கள். கொப்புளம் உடையாமல் இருந்தால் ஒன்றிரண்டு நாள், உடைந்த ஓரம் கூர்மையாகவும் அடி சிவப்பாகவும் இருந்தால் இன்னும் சற்றுப் பழையது, ஓரம் மழுங்கி வெண்மையாகப் படிந்திருந்தால் ஒரு வாரம் நெருங்கிவிட்டது. அதற்கும் பின்னால் 2 முதல் 14 நாள் வரை நோய் அரும்பும் காலம். வைரஸ் எப்போது உள்ளே வந்திருக்கலாம் என்ற சாளரம் இப்படித்தான் கிடைக்கிறது. மரபு மரத்தில் திசை குழம்பும்போது கைகொடுக்கப்போவது இதுதான்.

கடைசியாக நடமாட்டம். கடந்த மூன்று வாரத்தில் எந்தச் சந்தையில் வாங்கினார்கள் அல்லது விற்றார்கள், எந்த வண்டி வந்தது, பால் யார் கறக்கிறார்கள், மேய்ச்சல் எங்கே. பொள்ளாச்சிச் சந்தையில் கைமாறும் மாடுகள் கேரளம் வரை போகின்றன. "சந்தையில வாங்கினது" என்ற பதிலோடு நின்றுவிடாமல், எந்தச் சந்தை, எந்தக் கிழமை, விற்றவர் எந்தப் பக்கத்து ஆள் என்று கேளுங்கள். அதிகாரி தோரணையில் கேட்டால் பதில் வராது. விஷயம் வெளியே போனால் பால் எடுக்க மாட்டார்கள் என்ற பயம் அவர்களுக்கு உண்டு.

5. ஆய்வகத்தில்

திசுவை அரைத்து, ஆர்.என்.ஏ-வைப் பிரித்து, முதலில் நிகழ்நேர பிசிஆர் (வைரஸின் மரபுப் பொருளை நகலெடுத்துப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) போடுங்கள். இதில் கிடைக்கும் சிடி மதிப்பு வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். மதிப்பு குறைவென்றால் வைரஸ் அதிகம். முப்பதுக்குக் கீழே இருந்தால் விபி1 பெரும்பாலும் சிக்கலில்லாமல் பெருகும். முப்பதைத் தாண்டியதில் நீளமான வரிசை எடுக்கப் போராடுவதைவிட, அதே பண்ணையின் வேறு குப்பியைத் திறப்பது புத்திசாலித்தனம்.

விபி1 பகுதியைப் பெருக்கி, சேங்கர் முறையில் (குறுகிய துண்டுகளின் எழுத்துகளைப் படிக்கும் பழைய முறை) இரு பக்கமிருந்தும் படிக்கவும். ஒரு பக்கம் மட்டும் படித்தால் முனைகளில் வாசிப்பு மங்கும், அங்கே தோன்றும் போலி மாற்றம் உண்மையான மாற்றம்போலத் தெரியும். முழுத் தொகுதிக்கு நானோபோர் அல்லது இலுமினா வரிசைப் படிப்புக் கருவி. எதுவானாலும் குறைவான வாசிப்புகள் விழுந்த இடத்தில் எழுத்தை ஊகித்துப் போடாமல், தெரியவில்லை என்பதற்கான 'என்' குறியை விட்டுவிடுங்கள்.

மாசு பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. உங்கள் நேர்மறைக் கட்டுப்பாட்டு மாதிரி (சோதனை வேலை செய்கிறதா என்று பார்க்கச் சேர்க்கும், வைரஸ் இருப்பது உறுதியான மாதிரி) பெரும்பாலும் தடுப்பூசி விகாரமாகத்தான் (தடுப்பூசி செய்யப் பயன்படும் குறிப்பிட்ட வைரஸ்) இருக்கும். அதன் துளி பக்கத்துக் குழாயில் தெறித்தால், "கிராமத்தில் தடுப்பூசி வைரஸ் பரவுகிறது" என்று உங்கள் முடிவு சொல்லும். கலவை தயாரிக்கும் அறை, மாதிரி சேர்க்கும் அறை, பெருக்கியதைத் திறக்கும் அறை மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். நடை ஒரே திசையில் போகட்டும், திரும்பி வரக் கூடாது.

6. வரிசையை நம்பும் முன் சோதியுங்கள்

கணினி கொடுத்த எழுத்துகளை அப்படியே நகலெடுக்காதீர்கள். மூல அலைவரைபடத்தை (ஒவ்வொரு எழுத்தையும் ஒரு முகடாகக் காட்டும் கருவியின் வரைபடம்) திறந்து கண்ணால் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு முகடுகள் இருந்தால், மாட்டுக்குள் இரண்டு வகை வைரஸ் கலந்திருக்கலாம் அல்லது குழாயில் மாசு கலந்திருக்கலாம். எதுவென்று முடிவாகும் வரை அந்த இடத்தை மாற்றமாக எண்ண வேண்டாம்.

பிரைமர் (பெருக்கலைத் தொடங்கச் சேர்க்கும் சிறு டி.என்.ஏ துண்டு) ஒட்டிய பகுதியை வெட்டி எறியுங்கள். அது நீங்கள் ஊற்றியது, வைரஸுடையது அல்ல. பிறகு புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி வந்தால் எங்கோ ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கிறது. ஓ வகையில் விபி1 639 எழுத்து, அதாவது 213 அமினோ அமிலம். 145-ஆவது இடத்தை ஒட்டி ஆர்-ஜி-டி என்ற மூவர் அடுத்தடுத்து வர வேண்டும். வைரஸ் மாட்டின் செல்லைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி அது, கள வைரஸில் அநேகமாக மாறாது. அது காணவில்லை என்றால் கண்டுபிடிப்பு என்று குதிக்காமல் அலைவரைபடத்துக்குத் திரும்புங்கள்.

கடைசியாக, ஆய்வகத்தின் நேர்மறைக் கட்டுப்பாட்டோடும் இந்தியத் தடுப்பூசி விகாரங்களோடும் ஒப்பிடுங்கள். ஓ வகைக்கு ஆர்2/1975, ஏ வகைக்கு 40/2000, ஏசியா 1-க்கு 63/1972. நூற்றுக்கு நூறு ஒத்துப்போனால் ஆர்.என்.ஏ பிரிப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

7. ஒப்பிடும் கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத் தளத்தில், ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட் கருவியைப் போட்டு, முதலில் வந்த வரிசை எந்த ஊரோ அதுதான் மூலம் என்று எழுதிவிடுகிறார்கள். ஐயோ, அப்படி இல்லை. அந்தத் தளத்தில் இருப்பது யாரோ படித்துப் பதிவேற்றியவை மட்டும். உங்கள் பக்கத்து மாவட்டத்தில் யாரும் மாதிரியே எடுக்கவில்லை என்றால், மூலம் அங்கே இருந்தாலும் பட்டியலில் வேறு மாநிலமோ வேறு நாடோதான் முதலில் வரும்.

சேர்க்க வேண்டியவை: மிக நெருக்கமாக வந்தவை, சுற்றுவட்டாரத்திலும் அண்டை மாநிலங்களிலும் கடந்த சில ஆண்டுகளில் எடுத்தவை, ஒவ்வொரு வழிக்கும் ஒரு முன்மாதிரி வரிசை, தடுப்பூசி விகாரம். கோமாரிக்கான உலகக் குறிப்பு ஆய்வகமான, இங்கிலாந்திலுள்ள பிர்பிரைட் வெளியிடும் முன்மாதிரி வரிசைகளைப் பயன்படுத்துங்கள். இண்ட்2001 வழி துணைக்கண்டத்தோடு நிற்கவில்லை, 2013-இல் லிபியா, 2015-இல் வியட்நாம், 2016-இல் மொரிஷியஸ் வரை போயிருக்கிறது. அந்த வரிசைகளும் இருந்தால்தான் உங்கள் கிளை எங்கே உட்காருகிறது என்பது புரியும்.

ஓ, ஏ, ஏசியா 1 மூன்றையும் ஒரே மரத்தில் திணிக்காதீர்கள். வகைகளுக்கு இடையே விபி1 மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடும். அந்த நீளமான கிளைகளுக்கு நடுவே உங்களுக்கு வேண்டிய சிறு வேறுபாடு கண்ணுக்கே தெரியாது.

8. மரம் வரைவது

வரிசைகளை மாஃப்ட் என்ற மென்பொருள் கொண்டு ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி அடுக்கி, மும்மூன்று எழுத்தாகச் சரிபாருங்கள். மெகா மென்பொருளிலோ ஐக்யூ-ட்ரீயிலோ அதிகபட்ச நிகழ்தகவு முறையில் மரம் வரையுங்கள். எழுத்துகள் மாறும் விதத்துக்கு எந்தக் கணித மாதிரி பொருந்தும் என்பதை மென்பொருளே தேர்ந்தெடுக்கட்டும். பூட்ஸ்ட்ராப் (தரவைக் கலைத்து மரத்தை மறுபடி மறுபடி வரைந்து பார்க்கும் சோதனை) ஆயிரம் முறை ஓட்டி, எழுபது சதவீதத்துக்குக் கீழ் ஆதரவுள்ள முடிச்சுகளை (கிளைகள் பிரியும் இடங்கள்) வைத்துக் கதை கட்டாதீர்கள். வேருக்கு, அதே வகையைச் சேர்ந்த சற்றே தூரத்து வழி ஒன்றை வெளியாளாகச் சேருங்கள்.

முழுத் தொகுதியில் இன்னொரு சிக்கல். வெளியுறைப் பகுதியும் மற்ற பகுதியும் வேறு வேறு வைரஸ்களிலிருந்து வந்து ஒட்டியிருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனி மரம் போட்டு, வடிவம் ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகே ஒன்றாகச் சேருங்கள்.

9. மரத்தை வாசிப்பது

தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெயர்கள் நெருங்கிய உறவு என்று பொருளில்லை. முடிச்சைச் சுற்றி எந்தக் கிளையையும் மேல்கீழாகத் திருப்பலாம், மரம் மாறாது. படுக்கைவாட்டில் கிளையின் நீளத்தையும், இரண்டும் எந்த முடிச்சில் சந்திக்கின்றன என்பதையும் மட்டும் பாருங்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். இரண்டு பண்ணைகளின் வரிசை ஒன்றாக இருந்தால், முதலாவது இரண்டாவதற்குக் கொடுத்தது என்று ஆகாது. இரண்டாவது முதலாவதற்குக் கொடுத்திருக்கலாம், இரண்டுமே ஒரே சந்தையில் வாங்கியிருக்கலாம், நடுவில் நீங்கள் பார்க்காத மூன்றாவது பண்ணை இருக்கலாம். வரிசை ஒரு தொடர்பை மறுப்பதில் கெட்டி. நிரூபிப்பதில் அவ்வளவு கெட்டி இல்லை. "அந்த மாட்டு வியாபாரிதான் கொண்டுவந்தார்" என்று ஊரே சொல்கிறது, அவர் பண்ணை வைரஸோ முப்பது எழுத்து தள்ளி வேறு கிளையில் நிற்கிறது என்றால், அந்தப் பழி அங்கேயே பொய்த்துவிட்டது.

திசை சொல்ல வேண்டுமென்றால் மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். முதல் பண்ணையில் உள்ள மாற்றங்கள் எல்லாம் இரண்டாவதிலும் இருந்து, இரண்டாவதில் கூடுதலாக மூன்று இருந்தால், வைரஸ் அந்தப் பக்கமாக நகர்ந்தது என்று சொல்ல இடமுண்டு. அப்போதும் விவரத் தாளை எடுத்துப் புண்ணின் வயதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

2007-இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இதைச் செய்துகாட்டினார்கள். ஆகஸ்டில் இரண்டு பண்ணைகள், பிறகு ஓய்ந்ததுபோல் இருந்தது, செப்டம்பரில் மறுபடி. முழுத் தொகுதியைப் படித்தபோது செப்டம்பர் வைரஸ்கள் ஆகஸ்ட் வைரஸின் வாரிசுகள் என்பது தெளிவானது. ஆனால் ஒரே தாவலில் வந்ததற்கு மாற்றங்கள் அதிகமாக இருந்தன. நடுவில் யாரும் கண்டுபிடிக்காத பண்ணை இருக்க வேண்டும் என்று வரிசையே முன்கூட்டிக் காட்டியது. உங்கள் மரத்திலும் இரண்டு பண்ணைகளுக்கு இடையே கிளை வழக்கத்தைவிட நீண்டிருந்தால், கணினியை மூடிவிட்டு அந்தப் பக்கம் வண்டியை விடுங்கள்.

10. காலக் கணக்கு

ஒவ்வொரு மாதிரியின் தேதியையும், வேரிலிருந்து அதன் தூரத்தையும் டெம்ப்எஸ்ட் மென்பொருளில் புள்ளியாகப் போடுங்கள். புள்ளிகள் ஏறுவரிசையில் ஒரு கோட்டை ஒட்டி வந்தால்தான் பீஸ்ட் போன்ற மென்பொருள்களில் காலம் கணக்கிடுவதில் பொருள் இருக்கிறது. புள்ளிகள் சிதறிக் கிடக்கும்போதும் பீஸ்ட் ஒரு தேதியைக் கொடுக்கத்தான் செய்யும், நம்பாதீர்கள்.

கோட்டுக்கு ரொம்பக் கீழே தனியாக ஒரு புள்ளி இருந்தால் முதலில் தேதிப் பிழையா, மாசா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் அந்த வைரஸ் இத்தனை நாள் உறைபெட்டியில் தூங்கியிருக்கிறது. சர்ரே வைரஸ் அப்படித்தான் பிடிபட்டது. அது 1967-இல் பிரிக்கப்பட்ட பிஎஃப்எஸ் 1860 என்ற விகாரத்திலிருந்து வந்தது, நாற்பது ஆண்டு மாடுகளிடையே சுற்றியிருந்தால் சேர்ந்திருக்க வேண்டிய நூற்றுக்கணக்கான மாற்றங்கள் அதில் இல்லை. அந்த விகாரத்தைக் கையாண்ட ஆய்வகங்கள் பிர்பிரைட் வளாகத்திலேயே, சில மைல் தொலைவில் இருந்தன.

ஊரிலிருந்து ஊருக்கு அம்புக்குறி போடும் மென்பொருள்களிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம். ஈரோட்டிலிருந்து நாற்பது மாதிரி, சேலத்திலிருந்து இரண்டு என்று கொடுத்தால், ஈரோடுதான் மூலம் என்று அவை அநேகமாகச் சொல்லும். எண்ணிக்கையைச் சமன்செய்து பலமுறை ஓட்டுங்கள். அம்பு ஒவ்வொரு முறையும் திசை மாறினால் படத்தை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

11. அறிக்கையும் பதிவேற்றமும்

அறிக்கையில் "ஆதரிக்கிறது", "பொருந்தவில்லை", "பிரித்துச் சொல்ல இயலாது" என்ற மூன்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். எந்தப் பண்ணைகளிலிருந்து மாதிரி கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். தடுப்பூசி இந்த வைரஸுக்கு எடுபடுமா என்று கேட்பார்கள். விபி1 வரிசையை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்லாதீர்கள், சீரம் கொண்டு செய்யும் பொருத்தச் சோதனை தனியாக உண்டு.

அனுமதி கிடைத்ததும் வரிசையை ஜென்பேங்கில் ஏற்றுங்கள். மாதிரி எடுத்த தேதி, விலங்கு, மாவட்டம் ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். விவசாயியின் பெயரும் வீட்டு இருப்பிடக் குறியும் வேண்டாம். மூல அலைவரைபடக் கோப்புகளை குப்பி எண்ணோடு சேர்த்து இரண்டு இடத்தில் சேமித்து, மிச்சமுள்ள ஆர்.என்.ஏ-வை மைனஸ் 80-இல் வைத்து, எந்தத் தட்டில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.